பூஜ்ஜியம் யூனிட்

இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் வீட்டுச் சுவரில்தான் என் பார்வை.
தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எண்ணூர் நெடுஞ்சாலை.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
"ஈபி" என்று ஒரு குரல்,
ஓர் எண்,
அடுத்த வாசல்.

வைப்பு நிதி, கொஞ்சம் நகை, மீதிக்கு வங்கி.
ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்றாள் வேதவல்லி.
குடியிருக்க இல்லை, வாடகைக்கு.
அந்தப் "போடலாம்" காதில் விழுந்தது,
ஒன்றும் சொல்லவில்லை நான்.

தரகர் டில்லிபாபு முதலில் காட்டியது
திருவொற்றியூரில் கடல் பார்த்த பதினாலு மாடி.
"மெட்ரோ வந்தாச்சு சார், கண்ண மூடிகினு வாங்கு,
அஞ்சு வருசத்துல டபுள்."
கண்ணை மூடிச் செய்கிற வேலையா நான் பார்ப்பது?
மாதிரி வீட்டைப் பார்க்க அவர்கள் லிஃப்டில் ஏற
நான் கீழே மீட்டர் அறைக்குப் போனேன்.
நூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
எழுபத்தொன்றில் பூஜ்ஜியம்.
எல்லாம் வாங்கிப் போட்ட வீடுகள்.
ஃபேன் சுற்றாமல், ஒரு பிடி மாவு அரைபடாமல்
எழுபத்தொரு பால்கனி
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மணலிப் பக்கம் ஒரு தனி வீடு.
புது பெயின்ட், விலையும் சல்லிசு.
அந்தத் தெருவில் மட்டும் மீட்டர் எல்லாம்
என் தலைக்கு மேலே.
ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எண் தெரியும்.
ஏன் என்று கேட்டேன். டில்லிபாபு செருமினார்.
பெயின்ட் மறைத்ததைப்
பலகை அடித்த உயரம் சொல்லிவிட்டது:
இதுவரைக்கும் தண்ணீர்.

காகிதம் அவள் பொறுப்பு.
பட்டாவில் ஒரு பெயர், கிரயத்தில் ஒரு பெயர் என்று
இரண்டைத் தள்ளினாள்.
"தாய்ப்பத்திரம் எங்கே?" என்றதும்
டீ சொல்லிவிட்டு வருவதாகப் போன ஒருவர்
இன்னும் வரவில்லை.

கடைசியில்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட,
கால் கிரவுண்டு சொச்சம், மூன்று போர்ஷன்.
சரக்கு வண்டி போனால் டம்ளர் நடுங்கும்.
மாடியில் ஒரு மூலை கசிகிறது.
மீட்டர் மார்பளவில்.
பக்கத்தில் ஆணியில் பழைய வெள்ளை அட்டை,
என் கையெழுத்து.
எந்தக் கட்டத்திலும் நானூறுக்குக் கீழே இல்லை.

வேதவல்லி பஸ் டிக்கெட்டின் முதுகில் போட்ட கணக்கு:
அறுபத்தெட்டு லட்சத்துக்கு
வாடகை மாதம் பதினெட்டாயிரம்.
வீட்டு வரி, குடிநீர் வரி, கசிகிற மூலை எல்லாம் போக
நூற்றுக்கு மூன்றுகூடத் தேறாது.
"மீதியை மண் பார்த்துக்கும்" என்றாள்,
தன்னையே சமாதானம் செய்கிற குரலில்.

விற்கிறவர் குனிந்து
ரகசியம் போலச் சொன்னார்:
"மெயின் ஒண்ணு, சப் மீட்டர் மூணு.
யூனிட்டுக்கு ஒம்பது ரூபா வாங்கிக்க.
நமக்கு ஆவறது அஞ்சுகூட இல்ல.
லாபமே அதுலதான்."

நடுப் போர்ஷன் வாசலில்
ஊசியில் நூல் கோத்தபடி ரோஷன்பீ.
எத்தனையோ தடவை எனக்குத் தண்ணீர் கொடுத்தவள்.
அவள் எரித்ததை எழுதினேன்,
அவள் கட்டியதை எழுத
அட்டையில் கட்டம் கிடையாது.

"நீங்கதான் வாங்குறீங்களா சார்?
கரண்ட்டு எவ்ளோன்னு போடுவீங்க?"

எனக்கு அந்த விலைப்பட்டியல் மனப்பாடம்.
தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.
வேதவல்லியைப் பார்த்தேன்.
டிக்கெட்டை நாலாக மடித்து
கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"பில்லு வர்றத
மூணாப் பிரிச்சிக்கலாம்மா" என்றேன்.
வழியெல்லாம் வேதவல்லி பேசவில்லை.
வீட்டுக்கு வந்து, "கசியுற மூலைக்கு
ஆள் பாக்கணும்" என்றாள்.

தையில் கிரயம் முடிந்தது.
தெரு இன்னும் என் பொறுப்பில்தான்.
என் பெயருக்கு மாறிய மீட்டர் முன் நின்று
பழக்கத்தில்
"ஈபி" என்றேன்.
உள்ளே தையல் மெஷின் ஒரு கணம் நின்றது.
அப்புறம் ஓடியது.